இடையில் கொஞ்ச நேரம்

என் கைப்பேசி எண்ணை என் எண் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. நான் லிஃப்ட் மெக்கானிக். நான் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு லிஃப்ட்டிலும், பட்டன்களுக்கு மேலே, அந்த எண் ஒட்டப்பட்டிருக்கிறது. எண்ணுக்கு மேலே "பதறாதீர்கள்" என்று ஒரு வரி. கீழே "உதவி வந்துகொண்டிருக்கிறது" என்று இன்னொரு வரி. இரண்டும் என் சொந்தப் படைப்பு. வாழ்க்கையில் நான் எழுதி அச்சில் வந்தது அவ்வளவுதான். ஆனால் என் வாசகர்கள் வேறு வழியில்லாமல் ஊன்றிப் படிப்பார்கள்.

என் மனைவிக்கு இரண்டாவது வரிமேல்தான் ஆட்சேபம். "இன்னும் போனே பண்ணல, அதுக்குள்ள உதவி வந்துட்டிருக்குன்னா என்னங்க அர்த்தம்? வீட்டுல கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொன்னாலும் இப்படித்தான், வந்துட்டே இருக்கேன்னு சொல்லிட்டுப் பொழுது சாஞ்சு வருவீங்க."

அந்த எண்ணைச் சுமந்துகொண்டிருந்த பழைய போன், லிஃப்ட் குழிகளுக்குள் விழுந்து விழுந்தே வயதாகிப்போனது. திரையில் சிலந்தி வலை போல விரிசல். எதிர்முனையில் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். மாட்டிக்கொண்டவரும் அடைபட்ட குரலில் பேச, நானும் அடைபட்ட குரலில் கேட்க, யார் யாரை மீட்பது என்றே சில சமயம் சந்தேகம் வந்துவிடும். ஒரு சனிக்கிழமை மாலை, மனைவி என்னை ஏறக்குறைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன் கடைக்குப் போனாள்.

கடையில் இருந்த பெண் நல்ல மாதிரி. நான் கைகாட்டிய போனை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து வைத்தாள். "சார், இந்த நெட்வொர்க்குக்கு மாறிட்டீங்கன்னா இந்த போன் பாதி விலைக்கு வரும். உங்க பழைய கம்பெனில இருந்து வெளியில வந்துடணும், அவ்வளவுதான்."

"நம்பர்?"

"அதே நம்பர்தான் சார். கம்பெனி மட்டும்தான் மாறுது. வீட்டைக் காலி பண்றோம், பேரு மாறுதா என்ன?"

"மாறும்போது நடுவுல கட் ஆகுமா?"

"ராத்திரிலதான் சார் மாத்துவாங்க. தூங்கி எழுந்தா மாறியிருக்கும். இடையில கொஞ்ச நேரம் பழைய சிம்மும் வேலை செய்யாது, புது சிம்மும் வேலை செய்யாது."

"கொஞ்ச நேரம்னா?"

"கொஞ்ச நேரம்தான் சார்."

நான் இன்னொரு முறை கேட்க வாயைத் திறந்தேன். மனைவி என் முழங்கையில் கிள்ளினாள். "இவர் ஒருத்தர் போன் எடுக்கலன்னா ஊரே நின்னுபோகும்னு நினைப்பு. குடும்மா, எங்க கையெழுத்து போடணும்?"

ஊர் நிற்காது என்பது எனக்கும் தெரியும். லிஃப்ட் நிற்குமே. வெளியே வந்தபோது என் பையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று போகப்போவது, இன்னொன்று வரப்போவது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அலுவலகம் நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் என் பொறுப்புதான். நான் வைத்திருப்பதிலேயே பழையது. வெளியே நீளக் கண்ணாடி பதித்த இரும்புக் கதவு, உள்ளே இழுத்து மூடும் கம்பிக் கதவு. கிளம்பும்போது ஒரு பெருமூச்சு விடும், நிற்கும்போது ஒரு முனகல். எது சொன்னாலும் உடனே கேட்காது என்பதால் நான் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தேன். அந்த லிஃப்ட்டில் என் அக்கா ஒருநாளும் ஏறியதில்லை. தினமும் படிதான். என்ன காரணம் என்று கேட்டால், "நீ சின்ன வயசுல என் சைக்கிளைப் பிரிச்சு மாட்டினது எனக்கு மறக்கல. மாட்டினதுக்கு அப்புறம் கையில ஒரு நட்டு மிச்சம் இருந்துது" என்பாள். உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இந்த நட்டு வந்துவிடும். சொந்த அக்காவே ஏறாத லிஃப்ட்டின் மெக்கானிக் என்பது என் தொழில் வாழ்க்கைக்கு எத்தனை பெரிய விளம்பரம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று அவள் நாற்காலியில் உட்காருவதற்கே கைப்பிடியைத் தேடினாள். வலது முட்டியில் பட்டை சுற்றியிருந்தது.

"டாக்டர் இனிமே படி ஏறக் கூடாதுன்னுட்டார்" என்றாள். "நாளையிலேர்ந்து உன் மாமியார் மடியிலதான் உக்காரணும்."

எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. அவள் விரலை உயர்த்தினாள்.

"ஒரு கண்டிஷன். நான் போன் பண்ணா நீ முதல் ரிங்லயே எடுக்கணும். குளிச்சுட்டிருந்தேன், சாப்பிட்டுட்டிருந்தேன்னு கதை சொல்லக் கூடாது. சரியா, பல்லி?"

பல்லி என்பது நான்தான். நடக்கத் தெரிந்த பிறகும் அவள் இடுப்பை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பட்டம். பிறகு லிஃப்ட் கூண்டின் சுவர்களில் தொற்றிக்கொண்டு வேலை செய்யும் தொழிலுக்கு வந்து, அந்தப் பட்டத்தை நானே நிரந்தரமாக்கிக்கொண்டேன்.

"முதல் ரிங்லயே எடுக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே கடைப் பெண்ணின் குரல் காதில் கேட்டது. இடையில கொஞ்ச நேரம். சொல்லியிருக்கலாம். 'அக்கா, ரெண்டு நாள் பொறு, போன் மாறட்டும்' என்று ஒரு வார்த்தை. ஆனால் இத்தனை வருஷம் கழித்து ஏறுகிறேன் என்று வாயைத் திறந்து சொன்னவளிடம் பொறு என்று சொன்னால், அவள் பொறுக்கவே ஆரம்பித்துவிடுவாள். ராத்திரியில்தானே மாறும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகப் பழைய போனைப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. புதிய போனில் ஒன்றும் இல்லை. அப்படியானால் இன்று ராத்திரி என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ஒரு துணிக்கடை லிஃப்ட்டுக்கு வேலைக்குப் போனேன். குழிக்குள் இறங்கி ஸ்பிரிங்குக்கு கிரீஸ் வைக்க வேண்டியிருந்தது. குழிக்குள் எப்போதும் சிக்னல் வராது. அது பழகிப்போன விஷயம். அக்கா அலுவலகத்துக்குப் போகும் நேரத்துக்குள் மேலே வந்துவிடலாம் என்று இறங்கினேன். துருப்பிடித்த ஒரு போல்ட் என் திட்டத்தைக் கேட்டுச் சிரித்தது.

மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு பழைய போனை எடுத்தேன். சேவை இல்லை என்றது. சரி, குழியிலிருந்து வந்ததால் தேடுகிறது போல என்று கடை வாசலுக்குப் போனேன். தெருவுக்கே இறங்கி, போனை வானத்துக்குக் காட்டினேன். சேவை இல்லை. புதிய போனை எடுத்தேன். அது பளபளவென்று, முகம் பார்க்கிற மாதிரி, அதே வார்த்தையைச் சொன்னது.

தெருவில் நின்றபடி நேரத்தைப் பார்த்தேன். அக்கா அலுவலகத்துக்குப் போகும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

எனக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்தது. அக்கா மாமியாருக்குள் நுழைகிறாள். கம்பிக் கதவை இழுக்கிறாள். பெருமூச்சு. இரண்டு மாடிகளுக்கு நடுவில் முனகல். அவள் பட்டன்களுக்கு மேலே பார்க்கிறாள். பதறாதீர்கள் என்கிறது தம்பியின் வாசகம். அவள் போன் செய்கிறாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. உதவி வந்துகொண்டிருக்கிறது.

துணிக்கடைக் கேஷியரிடம் ஓடினேன். "அண்ணே, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. அவசரம்."

நல்லவேளை, பழைய போன் உயிரோடுதான் இருந்தது. நாக்கு மட்டும்தான் அறுந்திருந்தது. அதிலிருந்த அக்காவின் எண்ணைப் பார்த்து அவர் போனில் அடித்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன்.

"எடுக்கலையே" என்றார் கேஷியர்.

"எடுக்க மாட்டா. தெரியாத நம்பர் எதையும் எடுக்காதேன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். ஊர்ல ஏமாத்துறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் பண்றீங்க?"

அவர் போனிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்பினேன். 'அக்கா, நான்தான், தம்பி. என் நம்பர் வேலை செய்யவில்லை. இந்த நம்பருக்கு உடனே கூப்பிடு.' அனுப்பிய பிறகுதான் உறைத்தது. 'உன் தம்பி பேசறேன், நம்பர் மாறிடுச்சு, உடனே கூப்பிடுன்னு எவனாவது மெசேஜ் அனுப்புவான், நம்பிடாதே' என்று அவளுக்குப் பாடம் எடுத்ததும் நான்தான். ஏமாற்றுக்காரர்கள் என்ன எழுதுவார்கள் என்று நான் வர்ணித்திருந்தேனோ, எழுத்துக்கு எழுத்து அதையே எழுதியிருந்தேன்.

அந்தக் கட்டடத்து வாட்ச்மேனுக்கு அடித்தேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. வாட்ச்மேன் அண்ணன் ஒரு அழைப்பில் இறங்கினால் லேசில் கரையேற மாட்டார். போனைக் கேஷியரிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். டூல் பாக்ஸைத் துணிக்கடையிலேயே விட்டுவிட்டேன் என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது. இதய ஆபரேஷனுக்குக் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் டாக்டர் மாதிரி. திரும்பவில்லை.

ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்புதான் விழுந்தது. நிற்கும்போதெல்லாம் இரண்டு போன்களையும் எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வண்டிக்காரர் என்னையே பார்த்தார். இரண்டு போன் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்து வியர்க்கிறவனைப் பற்றி ஊரில் என்ன நினைப்பார்களோ, அதைத்தான் நினைத்திருப்பார். மாமியாருக்குள் காற்று வரும், கம்பிக் கதவு இருக்கிறது, மூச்சு முட்டாது. எனக்கு அது தெரியும். அக்காவுக்குத் தெரியுமா? முட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பாள்? தரையில் உட்கார்ந்தால் எப்படி எழுந்திருப்பாள்?

கட்டடத்துக்குள் நுழைந்ததும் லிஃப்ட் பட்டனை அமுக்கினேன். வரவில்லை. கதவுக்கு மேலே ஐந்து என்ற எண்ணில் விளக்கு எரிந்தபடி நின்றது. ஐந்துதான் கடைசி மாடி. மறுபடி அமுக்கினேன். ஒரு அசைவும் இல்லை.

வாட்ச்மேன் அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "காலைல மேல போனது, அப்புறம் கீழேயே வரல சார். உங்களுக்குத்தான் போன் பண்ணிப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னுது."

"அக்கா? எங்க அக்காவைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. வந்து இந்தக் கதவு முன்னாடிதான் நின்னாங்க, போனைக் காதுல வச்சுக்கிட்டு. நான் தண்ணி மோட்டார் போடப் போனேன். திரும்பி வந்தா ஆளக் காணோம், லிஃப்ட்டையும் காணோம்."

தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது வாயைத் திறந்து பேசியது. உள்ளே ஆள் இருக்கிற லிஃப்ட்டைத் தொடுவதற்கு முன்னால் கரண்ட்டை நிறுத்த வேண்டும். பாதிக் கதவு திறந்த நேரத்தில் அது கிளம்பிவிடக் கூடாது.

"அண்ணே, உடனே மெயினை ஆஃப் பண்ணுங்க. நான் போன் பண்ணிச் சொல்ற வரைக்கும் போடாதீங்க. யார் வந்து கேட்டாலும் போடாதீங்க."

"தெரியும் சார். உங்க குரல்ல கேட்டாத்தான் போடுவேன்."

ஒருமுறை நான் லிஃப்ட்டின் தலைமேல் நின்று வேலை செய்யும்போது, யாரோ குடியிருப்பவர் அவசரப்படுத்தினார் என்று இவர் மெயினைப் போட்டுவிட்டார். அன்று நான் போட்ட சத்தத்தில் இந்த விதி இவர் எலும்பில் பதிந்துவிட்டது. அவர் இடுப்பில் சாவிக்கொத்தைத் தடவ ஆரம்பித்தார். நான் படியில் பாய்ந்தேன்.

ஒவ்வொரு மாடியிலும் கண்ணாடியில் முகத்தை ஒட்டி மேலே பார்த்துக் கூப்பிட்டேன். "அக்கா!" என் குரல் கூண்டுக்குள் போய் எனக்கே திரும்பி வந்தது. நாலாவது மாடியில் ஆடிட்டர் அலுவலகக் கதவு மூடியிருந்தது. நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, நேராக ஐந்துக்கு ஏறினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமியார் மாடிக்குச் சரியாக நின்றிருந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு ஈ, காக்காய் இல்லை.

கம்பிக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. ஐந்தாவது மாடிக்கு வந்த எவரோ சரியாக இழுத்து மூடாமல் போயிருக்கிறார். கம்பிக் கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அவ்வளவுதான் விஷயம். ரிப்பேரே இல்லை.

சுவரில் சாய்ந்துகொண்டேன். அக்கா மாட்டிக்கொள்ளவில்லை. அப்படியானால் கீழே அலுவலகத்தில்தான் இருப்பாள். ஒரு மாடி இறங்கினால் பார்த்துவிடலாம். ஆனால் ஏறி வந்த கால் இறங்க மாட்டேன் என்றது. லிஃப்ட்தான் திறந்து நிற்கிறதே. உள்ளே போய்க் கம்பிக் கதவை இழுத்து மூடினேன். நாலு என்ற பட்டனை அமுக்கினேன். மாமியார் பெருமூச்சு விட்டாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று சொன்னேனே, அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வாட்ச்மேன் அண்ணன் சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடிக் கண்டுபிடித்து, மெயின் அறையைத் திறந்து, நான் இட்ட கட்டளையைப் பணிவோடு நிறைவேற்றிய நேரம் அதுதான். விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. முனகல்கூட இல்லை.

இருட்டில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். கீழே, கம்பிக் கதவின் அடியில், நாலாவது மாடிக் கதவின் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் பட்டன்களுக்கு மேலே என் எழுத்து தெரிந்தது. பதறாதீர்கள். அடுத்து எண். அந்த எண் என் சட்டைப் பையிலும் இல்லை, கால்சட்டைப் பையிலும் இல்லை, உலகத்தில் எங்கேயும் இல்லை. உதவி வந்துகொண்டிருந்தது, வந்து இதற்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. வாட்ச்மேன் அண்ணனோ கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, என் குரலில் அழைப்பு வருவதற்காகக் காத்திருப்பார்.

வேலை நிமித்தமாக நான் எத்தனையோ பேருக்குப் போனில் தைரியம் சொல்லியிருக்கிறேன். 'ஒண்ணும் ஆகாது, கயிறு அறுந்து விழாது, நிதானமா மூச்சு விடுங்க' என்று. எல்லாம் உண்மை. ஆனால் இருட்டில் தனியாக நிற்கும்போது அந்த உண்மை ஒன்றுக்கும் உதவாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கயிறு அறுந்து விழாது என்று எனக்குத் தெரியும். என் முழங்காலுக்கு யாரும் சொல்லவில்லை. கம்பிக் கதவைத் தட்ட ஆரம்பித்தேன்.

ஒரு கதவு திறக்கும் சத்தம். செருப்பு தேயும் சத்தம், ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. எனக்குத் தெரிந்த நடை.

"யாரு உள்ள?"

"அக்கா, நான்தான்."

"உள்ளயா இருக்கே, மேலயா?" அவள் குரல் மெலிந்து வந்தது.

"உள்ளதான். லிஃப்ட்டுக்குள்ள."

"கூரைமேல இல்லையே?"

"இல்லக்கா, உள்ள."

அவள் மூச்சு விடுவது கதவைத் தாண்டிக் கேட்டது. லிஃப்ட்டின் தரை அவள் மார்பு உயரத்தில் நின்றிருந்தது. நான் தரையில் குப்புறப் படுத்துக் கம்பிகளின் அடியில் முகத்தை வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், அவள் முகம் தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "பேருக்கு ஏத்த மாதிரி படுத்திருக்கே" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"நீ காலைல லிஃப்ட்ல ஏறலையா?"

"எப்படி ஏறுவேன்? போன் பண்ணேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னான். திரும்பத் திரும்பப் பண்ணேன். அப்புறம் படியிலயே ஏறி வந்தேன். வந்ததுலேர்ந்து வேலையே ஓடல. பண்ணிட்டேதான் இருக்கேன்." அவள் கையில் போன் இருந்தது. "நடுவுல எவனோ ஒருத்தன் தம்பின்னு சொல்லி மெசேஜ் வேற அனுப்பினான். நீ சொன்ன மாதிரியே பிளாக் பண்ணிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணே" என்றேன். "ஏறுறதுக்கு முன்னாடியே எதுக்கு போன் பண்ணே? மாட்டிக்கிட்டாத்தானே பண்ணணும்?"

"நான் மாட்டிக்கிறதுக்கு யார் பயந்தா?"

எனக்குப் புரியவில்லை. அவள் ஒரு கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்து நின்றாள்.

"ஒருநாள் சாயங்காலம் இதே இடத்துல நின்னேன்" என்றாள். "சரி, தம்பி பார்த்துக்கிற லிஃப்ட்தானே, ஏறிப் பார்ப்போம்னு பட்டன்கிட்ட விரலைக் கொண்டுபோனேன். கண்ணாடில ரெண்டு ஷூ தெரிஞ்சுது. ஒண்ணுல வெள்ளைக் கயிறு, இன்னொண்ணுல கறுப்புக் கயிறு. ஊர்ல வேற யார் அப்படிப் போடுவா? கூரைமேல நின்னுட்டிருந்தே, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டு. உன் காலோரத்துல பார்த்தா கிடுகிடு பள்ளம். நான் மட்டும் அமுக்கியிருந்தா..."

"அக்கா, நான் மேல நிக்கும்போது அங்க ஒரு சுவிட்சைத் திருப்பி வச்சிருப்பேன். வெளியில யார் எந்தப் பட்டனை அமுக்கினாலும் அது நகராது."

"அதெல்லாம் உனக்குத் தெரியும். என் விரலுக்குத் தெரியாதே."

நான் கம்பிகளுக்கு இன்னும் கிட்டத்தில் முகத்தை நகர்த்தினேன்.

"நீ போனை எடுத்தா வெளியில எங்கயோ இருக்கேன்னு அர்த்தம். குழிக்குள்ள, கூண்டுக்குள்ள இருந்தா சிக்னல் வராதுன்னு நீதானே சொன்னே. அதான் முதல் ரிங்லயே எடுன்னேன். எடுத்தா நிம்மதியா அமுக்குவேன். இன்னிக்கு எடுக்கல. எங்க தொங்கிட்டிருக்கியோன்னு..." அவள் வேறு பக்கம் பார்த்தாள். "சைக்கிள் நட்டுன்னு சொன்னதெல்லாம் சும்மா. அந்த நட்டு வேற எதோடதோ."

இத்தனை வருஷம் அந்த நட்டுக்காக உறவுக்கூட்டத்துக்கு முன்னால் தலைகுனிந்திருக்கிறேன். ஆனால் அப்போது கோபம் வரவில்லை. மூக்கு எரிந்தது, அவ்வளவுதான். தூசியாக இருக்கும். லிஃப்ட் தரையை நான் எப்போதும் சரியாகப் பெருக்குவதில்லை.

"அக்கா, முதல்ல உக்காரு. உள்ளேர்ந்து ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லு."

"உக்காந்தா உன் மூஞ்சி தெரியாது" என்றாள். காலை மாற்றி நின்றாள். "இப்போ என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

வாட்ச்மேன் அண்ணனின் எண்ணைச் சொன்னேன். அவள் அடித்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அண்ணே, தம்பி லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டான். மெயினைப் போடுங்க."

"போட முடியாதும்மா" என்றார் அவர் உறுதியாக. "மெக்கானிக் சார் சொல்லியிருக்கார். யார் வந்து கேட்டாலும் போடக் கூடாதுன்னு."

"அந்த மெக்கானிக்தான் உள்ள இருக்கான்."

"அவர் வாயால சொல்லட்டும்."

அக்கா போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். நான் இருந்த மட்டும் குரலைத் திரட்டிக் கத்தினேன். "அண்ணே, நான்தான். மெயினைப் போடுங்க."

"யாரு இது? சார் குரல் இப்படி இருக்காதே. அவர் அதட்டலாப் பேசுவார். இது யாரோ அழுற மாதிரி இருக்கு."

அக்கா அழைப்பைத் துண்டித்தாள். "நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கே எல்லாரையும்" என்றாள். "சரி, நான் கீழே போய் அந்த ஆளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்."

"நாலு மாடி. வேணாம்க்கா. முட்டியை வச்சுக்கிட்டுப் போகாதே. நான் இங்கேயே இருக்கேன், எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் குரல் இப்படி நடுங்குதா?" என்றாள். ஆனால் போகவில்லை. போகவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. அவள் கட்டைவிரல் பழக்கத்தில் மறுபடி என் எண்ணை அமுக்கிக் காதில் வைப்பதைப் பார்த்தேன்.

"நான் இங்க இருக்கேன்க்கா, உன் கண்ணு முன்னாடி. எதுக்கு எனக்குப் போன் பண்றே?"

"காலைலேர்ந்து பண்ணிட்டிருக்கேன். கை நிக்க மாட்டேங்குது."

தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதிவுக் குரல் அவள் காதில் சொல்வது எனக்கும் கேட்டது. அக்கா துண்டித்தாள். அமுக்கினாள். துண்டித்தாள். நான் கம்பிகளுக்கு அடியில் கன்னத்தை வைத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம்தான் சார் என்று கடைப் பெண் சொன்னாளே, அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் என்று இப்போது என்னைக் கேட்டால் அக்காவின் வலது முட்டியைக் காட்டுவேன்.

என் நெஞ்சுக்கடியில் ஏதோ அதிர்ந்தது. இதயம்தான் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். சட்டைப் பையில், உடம்புக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த புதிய போன். உருண்டு எடுத்தேன். 'எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று ஒரு செய்தி. இந்தப் பழைய கண்ணாடிக் கதவு வழியாக ஒரே ஒரு கோடு சிக்னல் வந்திருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் போன் அலறியது. நான் கேட்டே இராத ஒரு கும்மாளமான இசை. திரையில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். தெரியாத எண்ணை எடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், முதல் ரிங்கிலேயே எடுத்தேன்.

"ஹலோ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்களை மூடிக்கொண்டாள். "எங்கடா இருக்கே?" என்றாள். குரல் போனிலும் வந்தது, கதவிடுக்கிலும் வந்தது.

"இங்கதான்க்கா."

"பத்திரமா இருக்கியா?"

"இருக்கேன்."

அவள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். நானும் துண்டிக்கவில்லை. பிறகு அவளே, "சரி, வை. அந்த ஆளுக்குப் பண்ணு. அதட்டலாப் பேசு" என்றாள்.

பழைய போனைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணனின் எண்ணைப் புதிய போனில் அடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, வயிற்றிலிருந்து ஒரு குரலை எடுத்து, "மெயினைப் போடுங்க" என்றேன்.

"இப்பத்தான் சார் நீங்க பேசற மாதிரி இருக்கு" என்றார் அவர் திருப்தியோடு. "எவனோ ஒருத்தன் உங்க பேரைச் சொல்லி ஏமாத்தப் பார்த்தான். நான் விடல."

விளக்கு எரிந்தது. நாலை அமுக்கினேன். மாமியார் பெருமூச்சு விட்டு, ஒரு முனகலோடு மாடிக்குச் சரியாக வந்து நின்றாள். கம்பிக் கதவைத் திறந்தேன், இரும்புக் கதவைத் தள்ளினேன். அக்கா என் சட்டை முன்பக்கம் முழுக்க ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். நான் அவள் தோளைப் பிடித்து அலுவலகத்துக்குள் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கத் திரும்பினேன்.

"சாப்பாட்டு நேரம் ஆச்சு" என்றாள். "கீழே போகலாம்."

அவள் படியைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். முதலில் நல்ல கால், பிறகு பட்டை சுற்றிய கால். உள்ளே நின்று நாலு பக்கமும் பார்த்தாள். கூரையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், என் ஷூக்களைப் பார்த்தாள்.

"நீ இங்க இருக்கே" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "அப்போ மேல யாரும் இல்ல."

கம்பிக் கதவை நான் இழுத்து மூடினேன். பட்டனை அவளே அமுக்கினாள்.

"நாளைலேர்ந்து?" என்று கேட்டேன்.

"நாளைலேர்ந்து போன் பண்ணுவேன்" என்றாள். "இந்தக் கும்மாளப் பாட்டை முதல்ல மாத்து. நான் பயந்து பயந்து கூப்பிடுறேன், அது கல்யாண வீடு மாதிரி ஆடுது."

லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்தபடியே, பட்டன்களுக்கு மேலே ஒட்டியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டு வந்தாள்.